கதவில் மாட்டிய வார்த்தை

— விடாதீங்கப்பா, விடாதீங்க! நீங்க விட்டா அந்த பீரோ நேரா என் வயித்துலதான் வந்து நிக்கும்!

— பதறாதே பாப்பா. காலம் பூரா லிஃப்ட்டையே கம்பியில தொங்கவிட்டவன் நான். ஒரு பீரோவா என்னை மீறிப் போயிடும்?

— வாயைக் குறைச்சுக்கிட்டுத் தோளைக் கொடுங்க! பாப்பா, எட்டு மாச வயித்தை வெச்சுக்கிட்டு நீ ஏன் படிக்குக் கீழே நிக்கிறே? பின்னால போ. இன்னும் பின்னால. அங்கேயே நில்லு. மூச்சை இழுத்து விடு. ரெடி? ஒன், டூ, தூக்கு!

— அம்மா, இது உன் ஸ்கூல் கிரவுண்டு இல்ல.

— பி.டி. டீச்சருக்கு எல்லா இடமும் கிரவுண்டுதான். என்னங்க, இடது பக்கம் சாய்க்காதீங்க, சுவர்ல இடிக்குது. கேட்டுக்கோ பாப்பா, ஊர்ல பிள்ளை பெத்துக்கப் பிறந்த வீட்டுக்கு வர்றவ ஒரு துணிப்பையோட வருவா. நீ பீரோவோட வர்றே. மாப்பிள்ளை இதை வாசல்ல இறக்கிட்டு எங்கே ஓடினார்?

— வண்டி நிறுத்த இடமில்லம்மா. ஏதோ அவசர வேலைன்னார். எங்க வீட்டைத்தான் குழாய் மாத்தறேன்னு தோண்டிப் போட்டிருக்காங்களே. சொட்டுத் தண்ணி கிடையாது. எதை வெச்சாலும் சேறு. அதான் எல்லாத்தையும் இங்கேயே கொண்டு வந்துட்டேன்.

— எல்லாத்தையும்னா?

— பீரோ, மேஜை, மெத்தை, இஸ்திரிப் பெட்டி, நான்.

— ஓவர்லோடு. டீச்சர், மணி அடிக்குது பாருங்க, கதவு மூடாது.

— அப்பா, நான் போயிடட்டுமா அப்போ?

— ஐயோ, சும்மா சொன்னேன் பாப்பா. உனக்காக இன்னொரு மாடி கட்டுவேன். இதோ... இதோ... வந்துடுச்சு. அப்பாடா! பீரோ உள்ளே வந்துடுச்சு, என் முதுகுதான் படியிலேயே நிக்குது.

— உக்காருங்க. தண்ணி எடுத்துட்டு வரேன்.

— வேணாம் டீச்சர், நீங்க ஏன் சிரமப்படறீங்க? நானே எடுத்துக்கறேன்.

— பரவாயில்லைங்க. எனக்கென்ன சிரமம்?

— ஒரு நிமிஷம். அம்மா, இப்ப நீ யாரோட பேசினே?

— உங்கப்பாவோடதான்.

— 'உக்காருங்க'ன்னா?

— பின்னே எப்படிச் சொல்றதாம்?

— 'யோவ், உக்காருய்யா'ன்னு. பிறந்ததிலேர்ந்து இந்த வீட்டுல என் காதுல விழுந்தது அதுதான். ஒண்ணாங்கிளாஸ்ல உங்கப்பா பேரு என்னன்னு கேட்டப்போ 'யோவ்'னு சொல்லி முட்டி போட்டவ நான். அப்பா, நீங்களும்தான்! அம்மாவைப் பார்த்து 'நீங்க'ன்னீங்க. யாருக்கு என்ன வியாதி? மறைக்காம சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்.

— வியாதியும் இல்ல, வெங்காயமும் இல்ல. வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகுது. வயித்துல இருக்கும்போதே அதுக்குக் காது கேக்குமாம்ல? நாங்க பேசறதைக் கேட்டு, பிறந்ததும் தாத்தாவை 'யோவ்'னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? அதான் மரியாதை பழகறோம்.

— அப்பா, இது அம்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதிலா?

— ஆமா. இல்ல. பதறாதே.

— நான் பதறல. நீங்கதான் பதறறீங்க. சரி, பீரோவோட ஒரு கால் ஆடுது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாங்க.

— இதோ, ஒரு நொடி. இந்த டிராயர்ல... இது கரண்டி. இதுல... இது விசில். எத்தனை விசில்! இதுல... டீச்சர், இந்த மூலையில இருந்த என் வேலை மேஜை எங்கே?

— உங்க மேஜையா? அது... போன வாரம்தானே நீங்களே நகர்த்தி வெச்சீங்க! மறந்துட்டீங்களா?

— நானா? ஆமாமா, நானேதான். எங்கே நகர்த்தினேன்?

— பின் வராந்தாவுக்கு.

— நல்லா நகர்த்தியிருக்கேன். வெயில் படாத இடம்.

— அப்பா, சொந்த வீட்டுல கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி முழிக்கிறீங்க.

— வயசாகுதுல்ல பாப்பா.

— அது சரி, சோபாவுக்குப் பின்னால இருக்கிற இந்தப் பை யாருது?

— தொடாதே அதை! அது உனக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்கு. அவசரத்துல தேடக்கூடாதுன்னு முன்னாலேயே கட்டி வெச்சிட்டேன்.

— உள்ளே அப்பாவோட பனியன் இருக்கேம்மா.

— குழந்தையைத் துடைக்க. பழைய பனியன் மெத்துன்னு இருக்கும். கடையில விக்கிற துண்டெல்லாம் சொரசொரன்னு தோலை உரிச்சிடும்.

— ஷேவிங் செட்டுமா?

— அது வந்து... என்னங்க, நீங்க சொல்லுங்க.

— நம்ம வம்சத்துல முடி கொஞ்சம் அதிகம் பாப்பா.

— அதுக்காகப் பிறக்கும்போதே தாடியோடயா வருவான்?

— எதுக்கும் தயாரா இருக்கணும்ல?

— உங்க பதில் பதிவு செய்யப்பட்டது. எங்க அதிகாரி விரைவில் உங்களைத் தொடர்பு கொள்வார். நான் குளிச்சிட்டு வரேன், உடம்பெல்லாம் வண்டித் தூசி.

— பார்த்துப் போ. தரை வழுக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நட.

— ம்.

— போயிட்டாளா?

— தாழ்ப்பாள் விழுந்துடுச்சு. தண்ணியும் திறந்துட்டா. மெதுவா பேசுங்க.

— ஷேவிங் செட்டை என் தலையில கட்டினியே! வேர்த்துக் கொட்டுது எனக்கு.

— நேத்தே வந்திருந்தா எது எங்கே இருக்குன்னு ஒரு தடவை சுத்திக் காட்டியிருப்பேன். இன்னைக்குக் காலையில, அதுவும் அவ வண்டி வந்து நிக்கிற நேரத்துல, பையைத் தூக்கிட்டு ஓடி வந்தா நான் என்ன பண்ணுவேன்?

— நீ நேத்து சாயங்காலம்தான் போன் பண்ணே. அதுவும் என்ன சொன்னே? 'பாப்பா வர்றா. நீங்க இங்கே இருக்கணும்.' டக்குனு வெச்சிட்டே. வான்னு ஒரு வார்த்தை உண்டா?

— வேற எப்படிக் கூப்பிடறதாம்? மேளம் வெச்சா?

— போன மழைக்காலத்துலேர்ந்து ஒரு மொட்டைமாடி அறையில, லிஃப்ட் மிஷின் பக்கத்துல, தனியாக் கிடக்கேன் டீச்சர். இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா என் மேஜை வராந்தாவுல நிக்குது. என் டிராயர்ல விசில் இருக்கு.

— யார் போகச் சொன்னது?

— நீதான்.

— நானா? ஷ்ஷ்! அந்தப் பஞ்சாயத்து இப்ப வேணாம். கேட்டுக்கோங்க. பாப்பாவுக்குப் பிரஷர் ஏறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. நாம ஆளுக்கொரு பக்கம் இருக்கோம்னு தெரிஞ்சா அவ உடைஞ்சு போயிடுவா. குழந்தை நல்லபடியா பிறக்கிற வரைக்கும் ஒரே வீடு, ஒரே அறை, ஒரே சிரிப்பு. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.

— ஒரே அறையா?

— நான் கட்டில்ல. நீங்க தரையில. உடற்பயிற்சிப் பாய் ஒண்ணு இருக்கு.

— அது என் முழங்கால் வரைக்கும்தான் வரும்.

— சுருண்டு படுங்க. முதுகுக்கு நல்லது.

— எத்தனை நாளைக்கு இந்த நாடகம் தாங்கும்? அவ போன் பண்ணும்போதெல்லாம் 'அப்பா குளிக்கிறார்', 'அப்பா குளிக்கிறார்'னு நீ சொல்லிச் சொல்லி, போன மாசம் என் செல்லுக்குப் போட்டுக் கேக்கறா: 'ஏன்ப்பா, உடம்புல அரிப்பு ஏதாவதா?'

— நீங்க என்ன சொன்னீங்க?

— வெயில் தாங்கலன்னேன். வெளியே இடி இடிக்குது.

— நான் மட்டும்? கிரவுண்டுல நின்னுக்கிட்டு, 'அப்பா பக்கத்துல டிவி பாக்கறார்'னு சொல்றேன். பின்னால அறுபது பொண்ணுங்க 'லெஃப்ட் ரைட்'னு கத்துதுங்க.

— அப்பா! இந்த ஹீட்டருக்கு எது ஸ்விட்ச்?

— ஹீட்டரா? நம்ம வீட்டுல ஹீட்டர் எப்ப...

— சிவப்பு! சிவப்புன்னு சொல்லுங்க, சீக்கிரம்!

— சிவப்பு பாப்பா! சிவப்பு ஸ்விட்ச்! நானே மாட்டினது!

— அழைத்தமைக்கு நன்றிப்பா!

— குளியலறையிலும் ஆபீஸ் நினைப்புதான் இவளுக்கு. நாள் பூரா ஊர்ப்பட்டவங்க புகாரைக் காதுல வாங்கறவ. ஒரு இருமலை வெச்சே எதிராளி பொய் சொல்றானா நிஜம் சொல்றானான்னு கண்டுபிடிச்சிடுவா. அதனால நீங்க இருமாதீங்க.

— இருமறதுக்குக்கூட உன்கிட்ட அனுமதியா?

— சிரிங்க, வெளியே வர்றா. பாப்பா, குளிச்சாச்சா? தலையை நல்லாத் துவட்டு.

— ஆச்சும்மா. எனக்கு ஒரு உதவி. ஒருக்களிச்சுப் படுத்தா முட்டிக்கு நடுவுல தலையணை வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க. உங்க அறையில எடுக்கலாம்னு பார்த்தா அங்கே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

— ஆமா, ஒண்ணுதான்.

— ரெண்டு பேருக்குமா?

— வயசாக ஆக நெருக்கம் கூடும் பாப்பா.

— அப்பா, வெட்கப்படறீங்களா?

— வேர்க்குது.

— நம்பிட்டேன். கடைக்குப் போய் எனக்கொரு தலையணை வாங்கிட்டு வாங்க. நான் கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடறேன். நல்ல தூக்கம் வருது. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

— நீ படும்மா. டீச்சர், கடைக்குப் போயிட்டு வரேன்.

— ஓ. இன்னைக்கு மட்டும் அந்த 'வரேன்' வாயில வருதோ?

— எந்த 'வரேன்'?

— அன்னைக்கு அதே வாசல்ல நின்னீங்களே, அப்ப எங்கே போச்சு அது? 'போயிடறேன்'னீங்க. குப்பை கொட்டப் போறவன்கூட 'போயிட்டு வரேன்'பான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன், பொண்டாட்டி முகத்தைப் பார்த்து 'போயிடறேன்'னு சொல்லிட்டுப் போனீங்க.

— நானா? 'போயிடறேன்'னா? சத்தியமா இல்ல. 'போயிட்டு வரேன்'னுதான் சொன்னேன்.

— பொய்.

— 'போயிட்டு'ன்னு ஆரம்பிச்சேன். நீ படார்னு கதவை அடைச்சே. 'வரேன்' அந்தக் கதவுல மாட்டிக்கிச்சு. லிஃப்ட்டா இருந்தா, நடுவுல ஒரு விரல் இருந்தாலே கதவு தானா திறக்கும். உன் கதவு என் வார்த்தையை ரெண்டா நறுக்கிடுச்சு. பாதி உன் பக்கம். பாதி என் பக்கம்.

— கதை நல்லாத்தான் இருக்கு. அப்படியே வெச்சுக்குவோம். 'வரேன்'னு சொன்ன மனுஷன் ஏன் வரல?

— வந்தேன்.

— எப்போ?

— மறுநாள் காலையில. உனக்குப் பிடிக்குமேன்னு சூடா டீகூட பிளாஸ்க்குல வாங்கிட்டு வந்தேன். வாசலுக்கு வந்தா, என் சட்டை பேன்ட்டையெல்லாம் ஒரு மூட்டையாக் கட்டி வெளியே வெச்சிருந்தே. இனிமே என்ன கேக்கறதுக்கு இருக்கு? மூட்டையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிட்டேன். டீயை வழியில வாட்ச்மேன் குடிச்சான்.

— யோவ்!

— என்ன?

— யோவ், அது சலவைக்குப் போட்ட மூட்டைய்யா!

— சலவைக்கா?

— சலவைக்காரர் வந்து எடுத்துட்டுப் போறதுக்காக ராத்திரியே கட்டி வெச்சேன்! நீ வந்தா உடுத்திக்க வெளுத்த துணி வேணுமேன்னுதான்யா போட்டேன்! காலையில பார்த்தா மூட்டை காணோம். 'சார் வந்தார், துணியை எடுத்துக்கிட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டார்'னு எதிர்வீட்டுக்காரம்மா சொல்றாங்க. என் முகத்துல முழிக்கக்கூடப் பிடிக்காம துணியை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டியேன்னு அன்னைக்கெல்லாம் நான் சாப்பிடலய்யா!

— அதான் அவ்வளவு அழுக்கா இருந்துச்சா. வேணும்னே அழுக்குத் துணியாப் பார்த்துக் கட்டியிருக்கே, அவ்வளவு வெறுப்பான்னு நெனச்சேன்.

— உலகத்துலேயே அழுக்கு மூட்டையைத் திருடிக்கிட்டு ஓடின ஒரே மனுஷன் நீதான்யா. அதுல என் நீல டிராக் பேன்ட்டும் இருந்துச்சு!

— இருந்துச்சு.

— அது எங்கே? நான் தேடாத இடமில்ல. ஸ்கூல்ல ஒரு பொண்ணைப் பிடிச்சு விசாரிச்சுக்கூடப் பார்த்துட்டேன், பாவம்.

— மொட்டைமாடியில குளிரும் டீச்சர். போட்டுக்கிட்டுப் படுத்தேன். ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு. எனக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு.

— சிரிப்பு காட்டாதே. நான் கோபமா இருக்கேன். எல்லாம் எதுல ஆரம்பிச்சுது? என் பொண்ணுங்க கோப்பை ஜெயிச்ச அன்னைக்கு. முதல் வரிசையில உனக்காக ஒரு நாற்காலி. மத்தவங்க உக்காராம இருக்க என் கைப்பையை வெச்சுக் காவல் காத்தேன். கடைசி வரைக்கும் கைப்பைதான் விழா பார்த்துச்சு. நீ ஏதோ ஒரு லிஃப்ட்டைக் கட்டிக்கிட்டுக் கிடந்தே.

— அதுக்குத்தானே 'அந்த லிஃப்ட்டோடயே போய்க் குடும்பம் நடத்து'ன்னு சொன்னே.

— சொன்னேன். சொன்னா அப்படியே போயிடறதா?

— டீச்சர், அன்னைக்கு உன் விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் தாமதமா வந்தாரா இல்லையா?

— வந்தார். வேர்த்து விறுவிறுத்து, சட்டையெல்லாம் கிரீஸோட. அதுக்கென்ன?

— அவர்தான் அந்த லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தார். உன் பொண்ணுங்களுக்குக் கோப்பை கொடுத்த கை, என் தோளைப் பிடிச்சு ஏறி வெளியே வந்த கை. 'சீக்கிரம்ப்பா, பொண்ணுங்க காத்திருக்கும்'னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார். 'என் பொண்டாட்டியும் அங்கேதான் சார் காத்திருக்கா'ன்னேன். அவரை அனுப்பிட்டுக் கையைக் கழுவறதுக்குள்ள விழா முடிஞ்சு போச்சு.

— இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல?

— சொல்ல வாயைத் திறந்தேன். நீ விசில் ஊதினே. வீட்டுக்குள்ள.

— ஊதினேனா?

— நீளமா.

— சத்தத்தைக் குறை. பாப்பா முழிச்சுக்கப் போறா.

— இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாளாம். டீச்சர், கண்ணைத் துடை.

— கண்ணுல தூசி. பீரோத் தூசி. சரி, அப்போ இனிமே என்ன?

— இனிமே தலையணை வாங்கப் போறேன்.

— அதைக் கேக்கல. குழந்தை பிறந்ததுக்கப்புறம்?

— நீதானே சொன்னே, அதுக்கப்புறம் என் இஷ்டம்னு.

— அந்த இஷ்டம் என்னன்னுதான் கேக்கறேன்.

— நீ வான்னு கூப்பிட்டா...

— வந்து நடு வீட்டுல நிக்கிறவரை எப்படி வான்னு கூப்பிடறது?

— பார்த்தியா! திரும்பவும் 'வரை கிரை'ன்னு மரியாதைக்குப் போயிட்டே. அதுதான் எனக்குப் பயம். லிஃப்ட் நடு மாடியில நிக்கிறப்ப கதவைத் திறந்து குதிக்கக்கூடாதுன்னு ஊருக்கே பாடம் சொல்றவன் நான். அந்த மொட்டைமாடி அறையை இன்னும் விடல டீச்சர். கட்டில் இருக்கு, ஸ்டவ் இருக்கு. நாளைக்கே நீ திரும்ப விசில் ஊதினா எனக்குன்னு ஒரு போக்கிடம் வேணும்.

— நான் ஊதமாட்டேன்னு சொன்னா அறையை விட்டுடுவீங்களா?

— நான் அறையை விட்டுட்டா நீ ஊதமாட்டியா?

— முதல்ல நீங்க விடுங்க.

— முதல்ல நீ சொல்லு.

— நான் ஏன் சொல்லணும்? போனது நீங்க.

— அடைச்சது நீ.

— அப்போ குழந்தை பிறந்ததும் பையைத் தூக்கிடுவீங்க. அவ்வளவுதானே?

— நீ சொல்லாத வரைக்கும், ஆமா.

— கல்லு. கல்லுகூட மழையில கொஞ்சம் கரையும். யோவ், போய்த் தலையணை வாங்கிட்டு வாய்யா!

— 'வாய்யா'ன்னா சொன்னே?

— தலையணையோட வான்னேன். 'வா'வை மட்டும் தனியா எடுத்துக்காதே. இரு, நானும் வரேன். நீயாப் போனா செங்கல்லுக்கு உறை போட்டு வாங்கிட்டு வருவே. பாப்பா! நாங்க ரெண்டு பேரும் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றோம். கேக்குதா?

— ம்ம்... சரிம்மா... தூக்கம்...

— தூங்கறா. மெதுவா கதவைச் சாத்து.

— நீதான் கதவைப் பத்தி எனக்குச் சொல்றியா?

— நடய்யா, நட.

— ஹலோ? நான்தாங்க. இப்ப சத்தமாவே பேசலாம். ரெண்டு பேரும் வெளியே போயிருக்காங்க. ஆமா, ஒண்ணாத்தான். ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டே பேசறேன். அம்மா முன்னால, அப்பா பின்னால, சண்டை நடுவுல. 'யோவ்' திரும்பி வந்துடுச்சுங்க! இல்ல, அழல. மூக்கடைப்பு. பிரஷரா? எனக்கு எப்பங்க பிரஷர் இருந்துச்சு? டாக்டர் பேரைச் சொன்னாத்தானே அம்மா பயப்படுவாங்க. அவங்க 'அப்பா குளிக்கிறார்'னு சொன்னதை நம்பாம, அன்னைக்கு உங்களை அப்பா பின்னாலேயே அனுப்பிப் பார்த்தது நல்லதாப் போச்சு. போற வழியில நம்ம வீட்டுக் குழாயை நல்லா மூடியிருக்கான்னு பாருங்க, போன தடவை தொட்டி நிரம்பி மாடிப்படியெல்லாம் தண்ணி. ஆங், முக்கியமான விஷயத்துக்கு வாங்க. வேலை முடிஞ்சுதா? கட்டிலைக் கழட்டி வண்டியில ஏத்தியாச்சா? நீல டிராக் பேன்ட்டா? அதை மட்டும் தனியா மடிச்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் அந்த மொட்டைமாடி அறையை நல்லாப் பெருக்கி, வாட்ச்மேன்கிட்ட வாங்கின சாவியைக் கட்டடத்துக்காரர் கையிலேயே ஒப்படைச்சிடுங்க. மழைக்காலத்துலேர்ந்து இங்கே தங்கியிருந்த மெக்கானிக் எங்கேன்னு அவர் கேட்டா, அவரோட பொண்ணு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாள்னு சொல்லுங்க.